சாரம் பிரித்தல்

வீகோ துறைமுகத்தில் மழை விடாத மார்ச் மாதம்.
ஒபதூலியாவின் மீன் மேடையில்
கணவாய்க்கு விலை உண்டு, ஓட்டுக்கு இல்லை.
"எதற்கு, கிளி வளர்க்கிறாயா?" என்றாள் முதல் நாள்.
"ஆட்டின் தாடைக்கு" என்றேன்.
அன்றிலிருந்து எடை போடாமல் அள்ளித் தருகிறாள்,
பைத்தியத்திடம் காசு வாங்குவது பாவமென்று.

கடல் நுரை. நகம் பட்டாலே உதிரும் ஓடு.
உள்ளே அடுக்கடுக்காய் அறைகள்,
மிதக்கவும் அமிழவும் அது சேர்த்து வைத்த காற்று.
பாஸ்பேட் நீரில் அடைத்து
இரண்டு நாள் வேகவைத்தால்
சுண்ணாம்பு, எலும்பின் உப்பாக மாறும்.
அறைகள் மட்டும் அப்படியே நிற்கும்.
அந்த அழகை நானேதான்
கல்லுரலில் போட்டு இடிக்கிறேன்.

பிறகு இறால் தோல்,
புளித்த அமிலத்தில் கரைந்த கூழாக.
பட்டுக்கூடு,
சோடாவில் கொதித்துப் பசை நீங்கிய நூலாக.
மூன்றுக்கும் ஒன்றையொன்று பிடிக்காது.
பட்டு திரிந்துகொள்ளும். பொடி அடியில் போய் உட்காரும்.
கலவை என்பது சமாதானம் அல்ல,
பிரிந்துபோக நேரம் கிடைக்காமல்
உறைந்துவிட்ட சண்டை.

உறைகலனில் பனி ஊசி ஊசியாய் வளரும்.
வெற்றிடத்தில், நீராகாமலே, ஆவியாய்ப் போகும்.
பனி இருந்த இடமெல்லாம் துளை.
செல்கள் குடியேற நாங்கள் கட்டித் தருவது
அந்தப் போனதைத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை ப்ரெய்ஷோ
உறைகலன் கதவைச் சரியாகச் சாத்தவில்லை.
மகளின் பள்ளி நாடகம், அவள் அதில் ஒரு மேகம்,
நேரமாகிவிட்டது.
திங்கள் காலை வில்லைகள்
ஒரு பக்கம் நெருக்கமாய்,
மறுபக்கம் ஓட்டை உடைசலாய்.
எறிந்திருக்க வேண்டும்.
குப்பைப் படிவம் நிரப்பச் சோம்பல்.
ஒழுங்கானவற்றோடு அவற்றிலும் செல் விதைத்தேன்.

பதினைந்தாம் நாள் நுண்ணோக்கியில்,
ஒழுங்கான வில்லைகளில்
வாசலோடு நின்று செத்திருந்தன செல்கள்.
கோணல் வில்லைகளிலோ
உள்ளறை வரை போய்க் காலூன்றி
சுவருக்குத் தங்கள் சுண்ணாம்பைப் பூசத் தொடங்கியிருந்தன.

"கதவு எவ்வளவு திறந்திருந்தது?"
"தெரியாது."
"ஒரு விரலா, இரண்டு விரலா?"
"மேகத்துக்கு வசனம் கிடையாது, ஆனால்
முதல் காட்சியிலேயே வரும்.
அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது."
அடுத்த ஐந்து மாதம்
கதவிடுக்கில் கரண்டி, மரச்சில்லு, மடித்த அட்டை என்று வைத்து
அந்தத் தவறைச் சரியாகச் செய்யக் கற்றோம்.

லூகோ பக்கத்துப் பண்ணையில் பதினான்காம் எண் ஆடு.
பேர் வைக்கக் கூடாதென்பது விதி.
வைத்தேன், சொல்ல மாட்டேன்.
தாடைக் குழியில் வில்லை ஏறி மூன்றாம் வாரமே
அந்தப் பக்கத்தாலேயே வைக்கோல் மென்றது.
ஒவ்வொரு படத்திலும் எங்கள் வேலை மங்கியது,
அதன் எலும்பு துலங்கியது.

கட்டடத்தில் சாரம் பிரிக்கிறவனுக்குக்
கம்பும் கயிறுமாவது கைக்கு வரும்.
நாங்கள் கட்டியது கரைந்துவிட்டதா என்று பார்க்க
ஆட்டைக் கொல்ல வேண்டியிருந்தது.
ஊசி போட்டபோது
என் சட்டைப் பொத்தானை மென்றுகொண்டிருந்தது.

கண்ணாடித் தகட்டில், இளஞ்சிவப்பில்
புது எலும்பு, நாளங்கள், எல்லாம் அதனுடையவை.
நடுவில் ஒரே ஒரு பட்டு இழை கரையாமல்.
எலும்பு அதைச் சுற்றிக்கொண்டு வளர்ந்திருந்தது,
வழியில் படுத்திருக்கும் நாயை
மிதிக்காமல் போகிறவன்போல.
அறிக்கையில் எழுதினேன்:
எச்சம், இரண்டு விழுக்காடு.

சனிக்கிழமை மீன் மேடையில்
ஒபதூலியா கேட்டாள், "ஆடு எப்படி இருக்கிறது?"
"தாடை நன்றாக இருக்கிறது" என்றேன்.
கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள்.
பிறகு ஓடுகளைத் தராசில் வைத்து
முதன்முறையாக
எடை போட்டாள்.